வெள்ளை மாத்திரைக்கு வெள்ளை மாத்திரை

எங்கள் லயத்தில் கடன் வாங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கலாராணி அத்தையைப் பாயில் தள்ளியது அந்த நல்ல பழக்கம்தான்.

மடுல்சீமைப் பக்கம் கல்லுமலைத் தேயிலைத் தோட்டம், கீழ்ப் பிரிவு என்று சொன்னால் பஸ் கண்டக்டரே கொஞ்சம் யோசிப்பார். அங்கேதான் எங்கள் லயம். நீளமாக ஒரே கூரை, அதற்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள். ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் நிற்கும் சுவர் கூரையைத் தொடாது. அதனால் ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் எல்லா வீட்டிலும் பசிக்கும். ஒரு வீட்டில் முனகினால் எல்லா வீட்டிலும் தூக்கம் கெடும். எங்களுக்கு அடுத்த காம்பரா அத்தையுடையது. சொந்த அத்தை இல்லை. அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறவர், சின்ன வயதில் என்னை விளக்குமாற்றால் அடித்தவர். அத்தை ஆவதற்கு அது போதும்.

அத்தைக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். புருசன் கந்தப்பன் மாமா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறார். தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. காம்பராவில் அத்தை தனியாள்தான், ஆனால் சத்தத்தை வைத்துப் பார்த்தால் ஒரு குடும்பமே இருக்கிற மாதிரி இருக்கும். மலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டே அடுத்த மலைக்குக் கேட்கப் பேசுவார். கணக்கப்பிள்ளை, "கொஞ்சம் மெதுவா பேசு கலாராணி," என்றால், "மெதுவா திட்டினா ஒங்களுக்குக் கேக்காதுங்களே ஐயா," என்பார். யாராவது வந்து சீனி கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாது. தன் டின் காலியாக இருந்தால் எங்கள் வீட்டில் வாங்கிக் கொடுத்தனுப்புவார்.

அப்படிப்பட்டவர் ஒரு மழை நாளில் கொழுந்துப் பையை முதுகில் சுமந்துகொண்டு குறுக்குப் பாதையில் இறங்கும்போது வழுக்கிக் கானுக்குள் விழுந்தார். கான் என்றால் மலையில் தண்ணீர் ஓட வெட்டியிருக்கும் வாய்க்கால். இடுப்பு கல்லில் அடித்தது. தூக்கிவிட ஓடியவர்களிடம் முதலில், "கொழுந்து கொட்டிப்போச்சா பாரு," என்றாராம்.

எலும்பு முறியவில்லை. முறிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று பின்னால் அத்தையே சொன்னார். முறிந்தால் படம் எடுத்துக் காட்டலாம். கட்டுப் போடலாம். கட்டைப் பார்த்து நாலு பேர் ஐயோ பாவம் என்பார்கள். இது நரம்பு. வெளியில் பார்க்க ஒன்றுமே இல்லை.

"இடுப்புல கொள்ளிக்கட்டைய சொருகி, கால் பெருவெரல் வரைக்கும் இழுத்துக்கிட்டே போறான்டா ஒருத்தன்," என்று என்னிடம் சொன்னார். "போயிட்டு மறுபடி மேல வர்றான். அவனுக்கு வேற வேல வெட்டியே இல்ல."

யார் நம்பினார்கள்? காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் அழகையா கங்காணி எல்லார் முன்னாலும் கேட்டார்: "நெசமா நோகுறவ இப்படிக் கத்திப் பேசுவாளா?" அத்தை அன்றைக்கு முழுவதும் வாயைத் திறக்கவில்லை. அப்போதும் நம்பவில்லை. "கோவிச்சுக்கிட்டா," என்றார்கள்.

தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனார். அங்கே மருந்து கொடுக்கிற சிவஞானம் ஐயா நல்ல மனிதர். ஆனால் அவருடைய அலுமாரியில் பனடோல் மாத்திரையும், ரோஸ் கலரில் ஒரு தைலமும்தான் எப்போதும் இருக்கும். தலைவலிக்குப் போனாலும் அதுதான், தேள் கடித்துப் போனாலும் அதுதான். "இருக்கிறதத்தானே நான் குடுக்கலாம் கலாராணி," என்று அவரே நொந்துகொள்வார். பனடோலைப் போட்டுத் தைலத்தைத் தேய்த்தால் வலி அப்படியே இருக்கும், காம்பரா மணக்கும்.

பிறகு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு அலைந்தார். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன், அங்கே எங்களுக்கு இன்னும் போகவேண்டிய வேலை இருக்கிறது. ஒரு தடவை போனால் படம் எடுக்கத் திகதி தருவார்கள். படம் எடுக்கப் போனால் மெசின் உடைந்திருக்கும். மெசின் சரியானால் படம் பார்க்கிற டொக்டர் லீவில் போயிருப்பார். துணைக்கு நான் போனேன். ஓலெவல் பரீட்சை எழுதாமல் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மரக்கறி லொறியில் கூடை ஏற்றுகிறவனுக்குக் கிடைக்கிற மரியாதை அதுதான். யாருக்கு எங்கே போகவேண்டி இருந்தாலும், "சுரேசு சும்மாதான் இருக்கான், அவனக் கூட்டிட்டுப் போ," என்பார்கள்.

கடைசியில் ஒரு டொக்டர் அகப்பட்டார். கீர்த்திகன் என்று பெயர், யாழ்ப்பாணத்து ஆள், வயது குறைவு. சிரிக்கவே மாட்டார். ஆனால் அத்தை சொன்னதை முழுவதும் கேட்டார். காலைத் தூக்கச் சொன்னார், ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "உங்களுக்கு நோகுதுதான் அம்மா," என்றார். அதைக் கேட்டு அத்தை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, லொத்தர் சீட்டு விழுந்தவர்கள்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

அவர் எழுதிய மாத்திரையின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கள் பக்கத்துப் பையன்களில் பாதிப் பேர் நாளைக்கே இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிளினிக் வாசலில் நிற்பார்கள். அதைப் போதைக்குப் போடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குப் பயந்துதான் உண்மையாக வலிக்கிறவர்களுக்கும் அதைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுக்கிறார்கள். பார்க்க ஒன்றுமில்லாத சாமான். சின்னதாக, வெள்ளையாக, வட்டமாக இருக்கும். ஆஸ்பத்திரியில் அதை உதிரியாக ஒரு கடதாசி உறையில் போட்டுக் கொடுத்தார்கள். உறை நனைந்துவிடும் என்று அத்தை வீட்டுக்கு வந்ததும் ஒரு ஜாம் போத்தலில் கொட்டி மூடி வைத்தார்.

மறுநாள் காலையில் சுவருக்கு மேலால் ஒரு சத்தம் வந்தது: "டேய் சுரேசு, அந்த ரேடியோவக் கொறைடா, எரும!" எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அத்தை நன்றாகத் தூங்கி எழுந்திருந்தார். திட்டு வாங்கி நான் சந்தோசப்பட்டது அன்றைக்கு ஒருநாள்தான். அவருக்குக் கேட்கட்டும் என்று ரேடியோவை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியுமா? மலைக்குப் போய் எல்லோரிடமும் சொன்னார். "சாமி சத்தியமா, போட்டவொடனே அந்தக் கொள்ளிக்கட்டக்காரன் எறங்கி ஓடிட்டான்." அன்றைக்குச் சாயந்தரமே மாடசாமி மாமா அத்தையின் வாசலில் நின்றார். அவர் கான் வெட்டுகிறவர். குனிந்து வெட்டி வெட்டி, நிமிர்ந்து நிற்கும்போதும் எதையோ தேடுகிற மாதிரியே நிற்பார்.

"கலா, அந்த வெள்ள மாத்திரையில ஒன்னு குடேன். நாளைக்குத் திருப்பித் தந்துர்றேன்."

"எடுத்துக்கண்ணே. அதுக்கென்ன."

சொன்னபடி மறுநாளே திருப்பித் தந்தார். எதை? டிஸ்பென்சரிக்குப் போய்த் தலைவலி என்று சொல்லி வாங்கிய பனடோலை. "ஒன்னோடது சின்னதா இருந்திச்சு. நான் பெரிசா கொண்டாந்திருக்கேன் பாத்துக்க," என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை அதைப் பார்க்கவில்லை. போத்தலைத் திறந்து, "இதுல போட்டுட்டுப் போண்ணே," என்று நீட்டினார். அவர் போட்டார். திருப்பித் தந்ததை எடுத்துப் பார்ப்பது எங்கள் லயத்தில் மரியாதை இல்லை. கடனாகக் கொடுத்த சீனி திரும்பி வரும்போது டின்னை எட்டிப் பார்த்தாலே போதும், அந்த வீட்டோடு பேச்சு வார்த்தை நின்றுவிடும்.

மாடசாமி மாமாவுக்குப் பிறகு இராக்கம்மா சித்தி பல்வலிக்கு வாங்கினார். மருமகள் பிள்ளை உண்டாகியிருந்தபோது கிளினிக்கில் கொடுத்து மிச்சமான கல்சியம் மாத்திரையைத் திருப்பித் தந்தார். என்னுடைய அம்மா கழுத்து வலிக்கு வாங்கினார். பள்ளிக்கூடத்தில் தங்கச்சிக்குக் கொடுத்த பூச்சி மாத்திரையைத் திருப்பித் தந்தார். நெசமா நோகுமா என்று கேட்டாரே அழகையா கங்காணி, அவரும் இருட்டுகிற நேரம் பார்த்து வந்து முழங்காலுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு போனார். எல்லோரும் நேர்மையானவர்கள். வெள்ளைக்கு வெள்ளை, வட்டத்துக்கு வட்டம். சிவப்பு மாத்திரையைக் கொண்டுவந்து யாரும் அத்தையை ஏமாற்றவில்லை. கடன் கொடுத்ததால் போத்தல் குறையவே இல்லை. அதைப் பார்த்து அத்தைக்கு ஒரே திருப்தி.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் என்னை மட்டும் யாரும் சேர்க்கவில்லை. ஒரு திருவிழாவில் டொபியில் வேப்பெண்ணெய் தடவி லயம் முழுக்கப் பங்கு வைத்தேன், கங்காணிக்கு மட்டும் கூட ஒன்று கொடுத்தேன். அன்றிலிருந்து என் கையால் கொடுக்கிற எதையும் எங்கள் லயத்தில் ஒருத்தரும் வாயில் வைப்பதில்லை. தேத்தண்ணி கொடுத்தால்கூட முதலில் என்னைக் குடித்துக் காட்டச் சொல்வார்கள்.

கொள்ளிக்கட்டைக்காரன் திரும்பி வந்தான். அத்தை மாத்திரை போட்டார், அவன் போகவில்லை. அடுத்த நாளும் போட்டார், போகவில்லை. போடுவது பூச்சி மாத்திரை என்றால் பூச்சிதான் போகும், வலி எப்படிப் போகும்? ஆனால் அது யாருக்குத் தெரியும்? அத்தைக்குத் தெரியாது, எனக்கும் தோன்றவில்லை. மலைக்குப் போவது நின்றது. பாயில் ஒரு பக்கமாகப் படுத்து முழங்காலை மடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சுவருக்கு மேலால் சத்தமே வரவில்லை. ரேடியோவை எவ்வளவு கூட்டினாலும் வரவில்லை.

"இந்த மாத்திரையும் என்ன ஏமாத்திருச்சுடா," என்றார் ஒருநாள். "நல்ல சாமானோட மட்டச் சாமானையும் கலந்து குடுத்துட்டாங்க போல. நீ போயி கடையில வாங்கிட்டு வா."

ஆஸ்பத்திரியில் இல்லாவிட்டால் வெளியில் வாங்குங்கள் என்று டொக்டர் முதலில் எழுதிக் கொடுத்த துண்டு ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பக்கத்து டவுனான லுணுகலைக்குப் போனேன். முதல் பாமசியில் துண்டைக் கையில் வாங்கியதுமே, "இல்ல, இல்ல," என்று திருப்பித் தந்துவிட்டார்கள். அடுத்தது முஹம்மது நானாவின் பாமசி; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். நானா துண்டை வாசித்தார், பிறகு என்னை வாசித்தார்.

"யாருக்கு மகன் இது?"

"அத்தைக்கு."

"எல்லாருக்கும் ஒரு அத்தை ஈக்கிறாங்க. போன கிழமையும் ரெண்டு பேர் அத்தைக்குன்னுதான் வந்தாங்க."

"எங்க அத்தைக்கு நெசமாவே இடுப்பு வலி நானா."

"அவங்கட அத்தைமாருக்கும் நெசமான வலியாம். ஒரு அத்தைக்கு வயசு கேட்டேன், பொடியனுக்குச் சொல்லத் தெரியல்ல."

"எங்க அத்தைக்கு நாப்பத்தஞ்சு."

"நல்லாப் பாடமாக்கி ஈக்கிறீங்க."

அவர்மேல் கோபப்பட்டும் பயனில்லை. முடியைச் சிவப்பாக்கி, காதில் கடுக்கன் போட்டு, சுகமில்லாதவர்களுக்கு மருந்து வாங்க வருகிற முகமா என்னுடையது? "ஆளக் கூட்டிட்டு வாங்க, பாப்போம்," என்றார்.

கூட்டிக்கொண்டு போனேன். அத்தையால் பஸ்ஸில் உட்கார முடியாது, உட்கார்ந்தால் இன்னும் கொல்லும். கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். ஒவ்வொரு குழிக்கும் என் தோளை நகத்தால் கிள்ளினார். லுணுகலையில் இறங்கும்போது தோளில் அத்தையின் ஐந்து நகமும் இருந்தன. கடைக்குள் வந்து கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேர்த்துக் கொட்டியது. நானா ஓடிப் போய்க் கதிரை கொண்டுவந்து போட்டார். அத்தை வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"நம்புறேன் தங்கச்சி, நம்புறேன்," என்றார் நானா. "ஆனா சாமான் கடையில இல்லியே."

நான் விடவில்லை. "இல்லாத சாமானுக்கா நானா ஆளக் கூட்டிட்டு வரச் சொன்னீங்க?"

"அன்டைக்கு ஈந்திச்சு. இப்ப முடிஞ்சு. அதோட இந்தத் துண்டும் பழசு மகன். இதுக்கு ஒருத்தரும் தர மாட்டாங்க. டொக்டர்கிட்ட புதுசா எழுதிட்டு வாங்க."

அத்தை அவரைத் திட்டவில்லை. திட்டாமல் திரும்பி நடந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

கிளினிக் திகதி வர இன்னும் நாள் இருந்தது. அதற்கு முன்னால் போனால் வாசலில் நம்பர் துண்டு கொடுக்கிறவர் விடமாட்டார். அவரிடம் அத்தை மயங்கி விழுந்துவிட்டார் என்று சொன்னேன். அத்தை மயங்கவில்லை. ஆனால் சொன்னதும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார் பாருங்கள், நடிப்பா நிஜமா என்று எனக்கே விளங்கவில்லை. உள்ளே விட்டார்கள்.

"என்னம்மா, உங்கட தவணை இன்னும் வரேல்லையே?" என்றார் டொக்டர் கீர்த்திகன்.

"வலி தாங்க முடியலைங்க ஐயா. அந்த மாத்திர வேல செய்யலைங்க."

"வேலை செய்யேல்லையெண்டால் நிப்பாட்டத்தானே வேணும். வேலை செய்யாத குளிசையை என்னத்துக்குத் தாறது?"

அத்தையின் முகம் செத்துப்போனது. "ஐயையோ, நிப்பாட்டிறாதீங்க. மொதல்ல நல்லா வேல செஞ்சிச்சுங்க. இப்பத்தான் செய்யல."

"ரெண்டும் ஒரே குளிசைதானே அம்மா?"

"ஒரே போத்தல்தாங்க."

டொக்டரின் பேனை நின்றது. "போத்தலைக் கொண்டுவந்தனீங்களோ?"

அத்தை பைக்குள்ளிருந்து ஜாம் போத்தலை எடுத்தார். டொக்டர் அதை ஒரு இரும்புத் தட்டில் கொட்டினார். பேனையால் ஒவ்வொன்றாக ஒதுக்கினார்.

"இது பனடோல். இதுவும் பனடோல். இது கல்சியம். இது பூச்சிக் குளிசை." ஒன்றைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இது பெப்பர்மின்ட்."

பக்கத்தில் நின்ற தாதி ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"நான் தந்த குளிசை இதில ஒண்டுகூட இல்லை," என்றார் டொக்டர். பிறகு என்னைப் பார்த்தார். "இவர் ஆர்?"

"பக்கத்துக் காம்பராப் பயங்க. மருந்து வாங்க, பஸ் ஏத்திவிட எல்லாம் இவன்தான்."

"ஓ." அந்த ஒரு எழுத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "தம்பி, மிச்சக் குளிசை எங்க? வித்தனீரோ, போட்டனீரோ?"

எனக்கு ஒரு வியாதி உண்டு. பயப்படவேண்டிய நேரத்தில் சிரிப்பு வரும். வந்துவிட்டது. டொக்டர் போனைக் கையில் எடுத்தார். "பொலிசுக்குச் சொல்லத்தான் வேணும்," என்றார்.

கங்காணியின் வாயில் எப்போதும் மணக்கிற அந்தப் பெப்பர்மின்டைக் கண்டதுமே எனக்குப் போத்தலின் கதை முழுவதும் விளங்கியிருந்தது. மாடசாமி மாமா, இராக்கம்மா சித்தி, அம்மா, கங்காணி என்று வரிசையாகச் சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம். ஆனால் அத்தை என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். ஆஸ்பத்திரியில் போய் லயத்து ஆட்களின் பெயரைச் சொல்வது, பொலிஸ் வரை போவது, இதெல்லாம் நடந்தால் அத்தையால் அந்த லயத்தில் யார் முகத்தில் விழிக்க முடியும்? சரி, என்ன ஆகிவிடும் என்று நானும் பேசாமல் நின்றேன். மானம் ரோசம் எல்லாம் எனக்கு வரக்கூடாத நேரத்தில்தான் வந்து தொலைக்கும்.

டொக்டர் இலக்கத்தை அழுத்தப் போனார். அத்தை மேசையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். எத்தனையோ நாள் கேட்காத சத்தம், அடுத்த மலைக்குக் கேட்கிற சத்தம், அந்த அறைக்குள் வெடித்தது.

"போனைக் கீழ வைங்கய்யா! இவன் ஊர ஏமாத்துற பயதான். டொபியில வேப்பெண்ண தடவுற பயதான். ஆனா என் மாத்திரையில கைய வைக்கல. நான்தாங்க குடுத்தேன்."

"ஆருக்குக் குடுத்தனீங்க?"

"கேட்டவங்களுக்கு."

"கேட்டவைக்கெல்லாம் குடுக்கிறதுக்கு இதென்ன சீனியோ?"

"சீனி மாதிரிதாங்க. கான் வெட்டிட்டு நிமிர முடியாம வந்து நிக்கிறாரு ஒருத்தரு. பல்லு வலியில கன்னம் வீங்கி வந்து நிக்கிறா ஒருத்தி. எங்களுக்குத் தோட்டத்துல பனடோல விட்டா என்னங்க இருக்கு? நான் மட்டும் சொகமா தூங்கிட்டு, அவங்களுக்கு இல்லேன்னு சொல்லணுமா? அவங்களும் ஏமாத்தலைங்க. எல்லாரும் திருப்பித் தந்துட்டாங்க. ஒன்னு பாக்கியில்ல."

டொக்டர் தட்டைப் பார்த்தார். பனடோல், கல்சியம், பூச்சி மாத்திரை, பெப்பர்மின்ட். எல்லாம் வெள்ளை, எல்லாம் வட்டம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். தாதி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

கண்ணாடியைப் போட்டபிறகு டொக்டர் போட்ட சத்தம் இருக்கிறதே, அதற்கு முன்னால் அத்தையின் சத்தம் ஒன்றுமில்லை. அந்த மாத்திரை கண்டவர்களும் போடுகிற சாமான் இல்லையாம். வேறு மருந்து குடிக்கிறவர்கள் போட்டால் வலிப்பு வரலாமாம், மூச்சு நிற்கலாமாம். இரக்கம் என்று நினைத்து ஒரு ஆளைக் கொன்றிருப்பீர்கள் என்றார். அத்தை தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, "இனிமே யாருக்கும் குடுக்க மாட்டேங்க," என்றார்.

"குடுப்பீங்கள் அம்மா," என்றார் டொக்டர், களைத்துப்போன குரலில். "நாளைக்கு ஒராள் வந்து வாசலில நிண்டால் குடுத்துப்போடுவீங்கள். எனக்குத் தெரியும்."

அத்தை இல்லை என்று சொல்லவில்லை. அதுதான் அத்தை. "அப்ப எனக்கு இனி கெடையாதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

டொக்டர் பேனையை எடுத்தார். "ஒவ்வொரு கிழமைக்குத்தான் எழுதுவன். அதுவும் உங்கட கையில இருக்கக் கூடாது. வேற ஆரும் பொறுப்பா வச்சிருந்து, ஒவ்வொண்டாத் தரவேணும். தோட்டத்து டிஸ்பென்சரியில வைக்கலாமோ?"

"டிஸ்பென்சரி ஐயா வர்ற நாள விட வராத நாள்தாங்க கூட."

"உங்கட அவர்?"

"கொழும்புல ரொட்டி போடுறாருங்க."

"இவற்ற அம்மா?"

"அவளா? அவ என்ன விட மோசங்க. அந்தப் பூச்சி மாத்திர அவ திருப்பித் தந்ததாத்தான் இருக்கும்."

அம்மாவின் மானமும் போயிற்று. அத்தை சுற்றும் முற்றும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இவன்கிட்டயே குடுங்க."

"இவரிட்டயோ?"

"ஆமாங்க. எங்க லயத்துல இவன் கையால பச்சத் தண்ணிகூட யாரும் வாங்கிக் குடிக்க மாட்டாங்க. கோயில் பிரசாதத்த இவன் குடுத்தாக்கூட நாய்க்குப் போட்டுப் பாத்துட்டுத்தான் திம்பாங்க. இவன் தர்ற மாத்திரைய வாயில போடுற துணிச்சல் அங்க ஒருத்தருக்கும் கெடையாது."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ் அது. ஒரு டொக்டருக்கும் தாதிக்கும் முன்னால் கிடைத்தது. டொக்டர் என் சிவப்பு முடியையும் கடுக்கனையும் மறுபடி ஒருதரம் பார்த்தார். "வாற கிழமை மிச்சத்தோட வாரும். ஒண்டு குறைஞ்சாலும் நான் நிப்பாட்டிப்போடுவன். விளங்குதோ?" என்றார்.

விளங்கியது. புதுத் துண்டோடு மருந்து கொடுக்கிற கவுண்டருக்குப் போனோம். "முடிஞ்சுது, வெளியில எடுங்க," என்றார்கள். சிரிப்பு வந்துவிடுமோ என்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். வெளியில் முதல் பாமசியில் இல்லை. இரண்டாவதில் இருந்தது, ஆனால் முதலாளி சாப்பிடப் போயிருந்தார், சாவி அவரிடம். மூன்றாவதில் டொக்டருக்குப் போன் பண்ணிக் கேட்கவேண்டும் என்றார்கள். போன் பண்ணினார்கள், டொக்டர் எடுக்கவில்லை. அத்தை வெளியில் லைட் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். நான் திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடி, டொக்டரின் அறைக் கதவைத் தள்ளி, "ஐயா, போனை எடுங்க," என்றேன். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். ஆனால் எடுத்தார். ஒரு வழியாக அட்டையோடு மாத்திரை கைக்கு வந்தது. அத்தை பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் நின்றபடியே முதல் மாத்திரையைப் போட்டார். திரும்பி வரும்போது பாதி வழியில் பஸ் சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, முன் சீட்டுக்காரி பிள்ளையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அவளைத் திட்டத் தொடங்கினார்.

செய்தி எங்களுக்கு முன்னாலேயே லயத்துக்குப் போயிருந்தது. சாயந்தரம் மாடசாமி மாமா வந்தார். அத்தையின் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"அவன்கிட்ட கேளுண்ணே," என்று அத்தை உள்ளே இருந்தே கத்தினார்.

நான் வெளியில் வந்தேன். அட்டையைச் சட்டைப் பையிலிருந்து கொஞ்சம் இழுத்துக் காட்டிச் சிரித்தேன். அவ்வளவுதான்.

"வேணாம்டா சாமி," என்று மாமா இரண்டடி பின்னால் போனார். "அதுல என்னத்தத் தடவி வச்சிருக்கியோ."

"மாமா, வார கிழம எங்களோட பஸ் ஏறுங்க. ஒங்க இடுப்ப அந்த டொக்டருக்குக் காட்டுவோம்."

"எவன்டா அங்க போயி நாள் முழுக்க நிப்பான்? நின்னா மட்டும் நம்பவா போறானுங்க?" என்று சொல்லிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? பக்கத்து வீட்டில் ஒன்று கடன் கேட்பது எவ்வளவு சுலபம்! அழகையா கங்காணியிடம் பெப்பர்மின்ட் விசயத்தைக் கேட்டேன். "அதுக்கென்ன, வாசனையா இருந்திருக்குமே," என்றார்.

இப்போது ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பஸ், கியூ, துண்டு, "முடிஞ்சுது, வெளியில எடுங்க". முஹம்மது நானா என்னைக் கண்டால் அத்தையின் வயதைக் கேட்பதில்லை, சாமான் இல்லை என்பதை மட்டும் தூரத்திலேயே கையை ஆட்டிச் சொல்லிவிடுகிறார். டொக்டர் மிச்சத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், எழுதுகிறார். இன்னும் சிரிக்கவில்லை. லொறிக்கார முதலாளி செவ்வாய்க்கிழமைகளில் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்.

பொழுது சாய்ந்ததும் அத்தை தேத்தண்ணிக் கோப்பையோடு எங்கள் வாசலுக்கு வந்து கையை நீட்டுவார். நான் மாத்திரையை உள்ளங்கையில் வைப்பேன். அத்தை அதைப் பார்ப்பதில்லை, முகர்வதில்லை. என்னைக் குடித்துக் காட்டு என்றும் சொல்வதில்லை. அப்படியே வாயில் போட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிடுவார். எங்கள் லயத்தில் வேறு ஒருத்தரும் செய்யாத காரியம் அது. அம்மாகூடச் செய்ய மாட்டார்.

"கொஞ்சம் பாத்துப் போடுங்களேன் அத்தே," என்றேன் ஒருநாள். "பெப்பர்மின்டா இருந்தா என்ன செய்வீங்க?"

"வாய் மணக்கும்," என்றார். கோப்பையைக் கழுவி ஊற்றிவிட்டுத் தன் காம்பராப் பக்கம் நடந்தார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது: "நாளைக்குச் செவ்வாக்கெழம. வெள்ளன எந்திரி. பஸ்ஸ விட்ட, ஒன்னக் கொன்னுருவேன். அந்த ரேடியோவக் கொறைடா, எரும!"